ஓதத்துக்குச் சட்டை

பொய்யில் பல ரகம் உண்டு. வாயால் சொல்லுகிற பொய் ஒன்று. எழுத்தில் சொல்லுகிற பொய் இன்னொன்று. இந்த இரண்டாவது ரகத்தில்தான் என் போன்றவர்களின் பிழைப்பு நடக்கிறது. இவை தவிர, சுவரில் துளை போட்டுத் திருகாணி முடுக்கி மாட்டுகிற பொய் ஒன்றும் இப்போது உத்திரமேரூர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. குளியலறைச் சுவருக்குப் போடுகிற பி.வி.சி. பலகை என்று அதற்குப் பெயர்.

கடைவீதியில் நடந்தால் பார்க்கலாம். எட்டடி, பத்தடி நீளத்தில் அட்டை போன்ற இலேசான பலகைகள் சாத்தி வைத்திருக்கும். விரலால் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தமே சொல்லிவிடும். மேலே மட்டும் இத்தாலியச் சலவைக்கல், பர்மாத் தேக்கு எல்லாம் அச்சாகியிருக்கும். "சுவரில் ஓதம் ஏறிவிட்டதா? பூச்சு உதிர்கிறதா? கொத்த வேண்டாம், பூச வேண்டாம், தூசி இல்லை, ஒரே நாளில் வேலை முடியும்" என்று விளம்பரம். காலையில் மோட்டார் சைக்கிளில் இரண்டு பையன்கள் வருகிறார்கள். சாயங்காலம் விளக்கைப் போட்டால் குளியலறை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கிறது. வீட்டுக்காரர் படம் பிடித்துத் துபாயில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புகிறார். பிள்ளையும் "சூப்பர் அப்பா" என்று பதில் போடுகிறான். அப்புறம் ஐப்பசி மாதம் வருகிறது, அடைமழை பிடிக்கிறது. தை பிறக்கும்போது பலகையின் அடி விளிம்பில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது. இன்னும் கொஞ்ச நாளில், மூடி வைத்த பழைய குதிரைத் திறந்தாற்போல் ஒரு நாற்றம். ஊதுவத்தி ஏற்றிப் பார்க்கிறார்கள். நாற்றமும் ஊதுவத்தியும் கலந்து மூன்றாவதாக ஒன்று உண்டாகிறது.

இதை மோசடி என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் மோசடிக்காரனுக்குத் தான் செய்வது இன்னது என்றாவது தெரியும். இங்கே விற்கிறவருக்கும் தெரியாது, மாட்டுகிற பையனுக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கு மட்டும் தெரிந்துகொள்ள விருப்பம் கிடையாது. மூன்று பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். பூசணிக்காயானால் அழுகினதும் தூக்கி எறிந்துவிடலாம். சுவரை என்ன செய்வது?

ஓதம் என்ற சொல்லுக்குப் பழைய தமிழில் கடல் என்றும் அலை என்றும் பொருள். சுவருக்குள் ஏறுகிற ஈரத்துக்கு அந்தப் பெயரையே வைத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள் என்று நினைக்கிறேன். நாம் கல் என்று நம்புகிற செங்கல் வாஸ்தவத்தில் ஒரு பஞ்சு. சாதாரணக் கட்டடச் செங்கல்லை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டால் அதன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்லுகிறது. கூடாது என்று சொல்லுகிற அளவே அவ்வளவு! செங்கல் ஒன்று மூன்று கிலோ என்றால், அரை லிட்டருக்கு மேல் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் அறியாத சாது போல் அது சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒரு குளியலறைக்கு எத்தனை செங்கல் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குடித்த தண்ணீர் எப்படியும் வெளியே வந்தாக வேண்டும். சுவரின் மேல்பரப்புக்கு வந்து காற்றோடு போகும். போகும்போது தன்னிடம் கரைந்திருந்த உப்பைச் சுவரில் விட்டுவிட்டுப் போகும். அந்த உப்பு பூச்சுக்கு அடியில் பளிங்காக விளைந்து பூச்சை வெளியே தள்ளும். உப்புப் பூத்தது, சுண்ணாம்பு உதிர்ந்தது என்று நாம் சொல்வது இதைத்தான். ஆகவே உதிர்கிற பூச்சு ஒரு வியாதி இல்லை. வியாதியைச் சொல்லுகிற நாடி. வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். பலகைக்காரர் அந்தக் கையின் மேல் அழகான பட்டுச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, "இனிமேல் நாடி தெரியாது, கவலைப்படாதீர்கள்" என்கிறார்.

சட்டை மாட்டிவிட்டால் ஈரம் போய்விடுமா? பலகை பிளாஸ்டிக், அதன் வழியாக ஈரம் ஆவியாகாது. முன்பக்கம் கதவை அடைத்துவிட்டார்கள் என்றால் ஈரம் பின்பக்கம் வழி தேடும். நம் ஊர் வீடுகளில் குளியலறைச் சுவரின் மறுபக்கம் பெரும்பாலும் படுக்கையறை. அங்கே கட்டில் தலைமாட்டில் சாயம் கொப்பளிக்கிறது. வீட்டுக்காரர் மறுபடியும் அதே கடைக்குப் போகிறார். கடைக்காரர், "பெட்ரூமுக்கும் நம்மகிட்ட பேனல் இருக்கே, சார்!" என்கிறார். வியாபாரம் இப்படித்தான் விருத்தியாகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் வருஷம் வீட்டுக்குள் இருக்கும் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி மட்டுமே ஒரு முழு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்பவர்களுக்கு இழுப்பும் மற்ற மூச்சுத் தொல்லைகளும் அதிகம் என்பது அதன் சாரம். குழந்தைக்கு இழுப்பு என்று டாக்டரிடம் ஓடுகிறோம். டாக்டர் வீட்டில் நாய் உண்டா, பூனை உண்டா என்று கேட்கிறார். சுவரில் பலகை உண்டா என்று அவர் கேட்டு நான் அறியேன்.

நான் இப்படிப் பேசினால் உடனே ஒரு கூட்டம் என் பக்கம் வந்து சேர்ந்துகொள்ளும் என்பது தெரியும். "பார்த்தீர்களா! நம் முன்னோர்கள் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்தார்கள், செட்டிநாட்டில் முட்டை வெண்கரு விட்டு மெருகேற்றினார்கள், ஓதம் என்ற பேச்சு உண்டா?" என்பார்கள். இவர்களுடைய தோழமை எனக்கு வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சு அருமையான சரக்கு. சுவரை மூச்சு விட வைக்கும். அதில் தகராறு இல்லை. ஆனால் அந்தப் பெரியவர்களின் வீட்டுக்குள்ளே குளியலறையே இருக்கவில்லை என்பதை இவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஆண்கள் கிணற்றடியிலும் குளத்திலும் ஏரி மதகடியிலும் குளித்தார்கள். பெண்களுக்குக் கொல்லையில் தென்னங்கீற்றால் நாலு பக்கம் ஒரு மறைப்பு, மேலே ஆகாயம். அதுவும் இல்லாத வீட்டுப் பெண்கள் இருட்டும் வரைக்கும் காத்திருந்தார்கள். தண்ணீர் மண்ணில் விழுந்து வாழைக்குப் போயிற்று, சுவர் உலர்ந்திருந்தது. சுவர் உலர்ந்திருந்ததற்கு விலை கொடுத்தவர்கள் பெண்கள்.

அந்தக் காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர் முதலில் தம்முடைய மனைவியிடம் சொல்லிப் பார்க்கட்டும். குளியலறை வீட்டுக்குள் வந்தது பெரிய காரியம். 2014-க்குப் பிறகு கிராமத்து வீடுகளில் கழிப்பறை கட்ட 12,000 ரூபாய் வீதம் சர்க்கார் உதவிப் பணம் கொடுத்தது. 2024-இல் தமிழக அரசு ஆரம்பித்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். குடிசையிலிருந்து கல் வீட்டுக்கு வருகிற ஒரு குடும்பத்துக்கு அந்தச் சுவர் ஆயுள் முழுவதற்குமான சொத்து. அந்தச் சொத்துக்குள் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டோம். கொண்டுவந்த தண்ணீருக்கு வெளியே போக வழி சொல்லிக் கொடுத்தோமா என்பதுதான் என் கேள்வி.

பலகையின் சாமர்த்தியத்தைப் பார்ப்போம். அது தண்ணீரைத் தடுப்பது பலகையினால் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பலகை தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் பலகைக்கும் பலகைக்கும் இடையில் இணைப்பு இருக்கிறது, மூலை இருக்கிறது, தரையோடு சேருகிற இடம் இருக்கிறது, குழாய் வெளியே நீட்டுகிற ஓட்டை இருக்கிறது, ஒவ்வொரு திருகாணியும் ஒரு ஓட்டை. இத்தனை வாசலையும் காவல் காப்பது யார்? ஒரு துப்பாக்கி மாதிரியான கருவியிலிருந்து பற்பசை போல் பிதுங்கி வருகிற சிலிகான் பசை. காடி நெடி அடிக்குமே, அதுதான். நல்ல பசைதான். ஆனால் அதற்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஈரமான இடத்தில் ஒட்டாது. தூசி இருந்தால் ஒட்டாது. பழைய சிலிகான் மேல் புது சிலிகான் ஒட்டவே ஒட்டாது; பழையதைத் துளி விடாமல் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாக வைக்க வேண்டும். வைத்த பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. ஓதம் ஏறின சுவர், உதிர்கிற பூச்சு, ஒரே குளியலறை உள்ள வீடு, ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை: இந்த நாலும் சேர்ந்த இடத்தில் அந்தப் பசையின் எந்தப் பிடிவாதத்தை நிறைவேற்ற முடியும்?

சரி, எல்லாம் சரியாகவே செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் பௌதிகம் இரண்டு வருஷம் படித்துவிட்டு நின்றவன் நான். அந்த இரண்டு வருஷமே இதற்குப் போதும். பொருள்கள் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும். பி.வி.சி. சிமெண்டைப் போல் ஐந்து மடங்கு நீளும். எட்டடிப் பலகை ஒன்று, மேற்குப் பார்த்த சுவரில் மார்கழி விடியற்காலைக்கும் வெயில் மதியத்துக்கும் நடுவில், அல்லது ஹீட்டர் வெந்நீர் பட்டு, 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். பின்னால் இருக்கும் சுவரோ அரை மில்லிமீட்டர்தான் அசையும். ஒருவர் ஓடுகிறார், ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறது பசை. தினமும் இழுபடுகிறது. ஒரு நாள் தலைமயிர் அகலத்துக்கு விட்டுப்போகிறது. தலைமயிர் அகலம் தண்ணீருக்கு ராஜபாட்டை. உள்ளே போகிற தண்ணீருக்கு அது வாசல். வெளியே வர அதே தண்ணீருக்கு அது வாசல் இல்லை. உள்ளே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதை விளக்க நான் பௌதிகத்தைத் துணைக்கு அழைத்திருக்கவே வேண்டாம். ஊரின் பெரிய ஏரியைக் காட்டினால் போதும். பல்லவர் காலத்து வயிரமேக தடாகம் அது. அதைக் காக்கத் தனியாக ஏரி வாரியம் என்றே ஒரு வாரியம் வைத்திருந்த ஊர் இது. தூர் வாருவதற்காக நன்கொடை வைத்த செய்தியெல்லாம் கல்லில் வெட்டிக் கிடக்கிறது. ஏரி வெட்டினவர்கள் கரையை எவ்வளவு பலமாகப் போட்டார்கள்! ஆனால் அந்தக் கரையை அவர்கள் முழுக்க நம்பிவிட்டார்களா? இல்லை. மதகு வைத்தார்கள்; அதற்கும் மேலே கலங்கல் வைத்தார்கள். மிஞ்சின தண்ணீர் கரையை உடைக்காமல் தானாக வழிந்து போகட்டும் என்று ஒரு பக்கம் வழி விட்டார்கள். எவ்வளவு கெட்டியான கரையும் ஒரு நாள் தோற்கும், அன்றைக்குத் தண்ணீருக்குப் போக்கிடம் வேண்டும் என்ற அறிவு அது. எந்தத் தமிழ்க் குடியானவனிடமும் போய்க் கலங்கல் இல்லாமல் ஏரி கட்டலாமா என்று கேளுங்கள். சிரிப்பான். அவனுடைய பேரன்தான் கலங்கல் இல்லாத ஏரியைக் குளியலறைச் சுவரில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

நம் ஊர் அறியாமை என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது. படித்த தேசங்களே இந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கின்றன. நியூஸிலாந்தில் 1990-களின் நடுவிலிருந்து சுமார் பத்து வருஷம், வெளிப்புறத்தில் இணைப்பே தெரியாத வழவழப்பான பூச்சுப் பலகைகளைப் போர்த்து வீடுகள் கட்டினார்கள். பார்க்க நேர்த்தியாக இருந்தது. பலகைக்கும் உள்ளே இருந்த மரச் சட்டத்துக்கும் நடுவில் தண்ணீர் வடிய இடைவெளி விடவில்லை. போதாக்குறைக்கு 1998-இல் மருந்து ஏற்றாத பைன் மரத்தையே சட்டத்துக்குப் போடலாம் என்று அனுமதித்தார்கள். விளிம்புகள் விட்டுப்போயின; நுழைந்த மழைநீர் உள்ளேயே தங்கிற்று; வெளியே வெள்ளை வெளேர் என்று நின்ற வீடுகள் உள்ளுக்குள் காளானாயின. 2002-இல் விசாரணை அறிக்கை வந்தது. தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. 2009-இல் எடுத்த ஒரு மதிப்பீட்டின்படி சுமார் 42,000 வீடுகள் பாதிக்கப்பட்டன, சேதம் 1,130 கோடி நியூஸிலாந்து டாலர். கானடாவின் வான்கூவரிலும் 1980-களிலும் 90-களிலும் கட்டின அடுக்குமாடி வீடுகளுக்கு இதே கதி. மாகாணத்தின் முன்னாள் பிரதமர் டேவ் பாரெட் தலைமையில் 1998-இல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. இரண்டு தேசமும் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு என்ன தெரியுமா? வெளித்தோலுக்குப் பின்னால் இடைவெளி விடு. நுழைந்த தண்ணீர் கீழே வடிந்து வெளியேற வழி வை. அதாவது, கலங்கல் வை.

அவர்களுடையது வெளிச்சுவர், மரவீடு. நம்முடையது குளியலறை, செங்கல் வீடு. ஒப்பிடலாமா என்று கேட்கலாம். செங்கல் காளானாகாது என்பது வாஸ்தவம். ஆனால் பலகையை நிறுத்துவதற்காகச் சுவரில் அடிக்கிற மர ரீப்பருக்கும் செங்கல்லுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். தனியாக இருக்கிறார். பணிக்கொடைப் பணத்தில் கட்டின வீடு. குளியலறையில் ஓதம் என்று பலகை போட்டார்; 32,000 ரூபாய். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் கடை இல்லாவிட்டால் பக்கத்துக் கடை அதையேதான் செய்திருக்கும். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒரு நாள் குழாயைத் திருகும்போது கையில் 'சுர்' என்று இழுத்தது என்று அம்மாள் சொன்னார். வயதான காலத்தில் நரம்புக் கோளாறு என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! நல்ல வேளையாக வேறு வேலைக்கு வந்த ஒரு மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டு மெயினை நிறுத்தினார். பலகை இரண்டைக் கழற்றினார். ரீப்பர் முழுவதும் கரையான் புற்று. பூச்சு கையால் அள்ளினால் வந்தது. ஹீட்டர் ஸ்விட்சுப் பெட்டி செங்கல் ஈரத்தில் துருப்பிடித்து நின்றது. காரணம் எது என்று பார்த்தால், சுவருக்குள் போகிற வெந்நீர்க் குழாயின் முழங்கையில் ஒரு கசிவு. இரண்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாக. இன்னொன்று, தரையின் வாட்டம் சாக்கடைப் பக்கம் இல்லாமல் சுவர்ப் பக்கம் இருந்தது.

"இன்னா மேஸ்திரி இது, இத்தனை நாள் தெரியாமப் போச்சே?" என்றார் அம்மாள்.

"சொவுரு அப்பவே அழுதுதான் சொல்லிச்சு, டீச்சரம்மா. அழுவுற புள்ள வாயில துணிய வச்சு அடைச்சுட்டாங்க" என்றார் அவர்.

கடைக்காரரைக் கூப்பிட்டோம். வந்தார், மரியாதையான மனிதர். கழற்றி வைத்த பலகையைத் துடைத்துப் பார்த்தார். "பேனலுக்கு ஒண்ணுமே ஆகலையே, மேடம்! பாருங்க, புதுசு மாதிரி இருக்கு. நாங்க பேனலுக்குத்தான் பத்து வருஷம் காரண்டி குடுத்தோம்" என்றார். அவர் சொன்னது அத்தனையும் சத்தியம். பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குத்தான் ஆயிற்று.

இந்த இடத்தில் பலகைக்கு உரிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உலர்ந்த சுவர், நல்ல பூச்சு, சரியான வாட்டம், கசியாத குழாய், பின்னால் கொஞ்சம் காற்றோட்டம், அடியில் தண்ணீர் வடிய வழி, மரத்துக்குப் பதில் துருப்பிடிக்காத சட்டம். இவ்வளவும் இருந்தால் பலகை பாட்டுக்கு இருக்கும், துடைக்க வசதி. ஆனால் இவ்வளவும் உள்ள வீட்டுக்காரருக்குப் பலகை எதற்கு? ஓதம் இல்லாத இடத்தில் மட்டும் உழைக்கிற சரக்கை, ஓதத்துக்கு மருந்து என்று விற்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

மருந்து என்ன என்பது ரகசியமும் இல்லை. அந்த மேஸ்திரிக்குத் தெரியும். அவரைப் போன்ற நூறு கொத்தனார்களுக்குத் தெரியும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடி. குழாயின் வாயை அடைத்து அழுத்தம் ஏற்றிப் பார். சாக்கடை ஓட்டையைத் துணியால் அடைத்துத் தரையில் இரண்டங்குலம் தண்ணீரைக் கட்டி ஒரு பகல், ஒரு இரவு விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பார். கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடு. சுவர் உலரட்டும், அதற்கு நாட்கள் ஆகும், ஆகட்டும். ரசமட்டம் வைத்து வாட்டம் எடு. தரையும் சுவரும் சேருகிற மூலையைக் கூராக விடாமல் உருட்டிப் பூசு. தண்ணீர் புகாத பூச்சைத் தரையிலிருந்து சுவரில் குளிக்கிறவர் தலை உயரம் வரைக்கும் ஏற்று. பூசினதற்கு ஒரு வாரம் தண்ணீர் தெளித்து க்யூரிங் பண்ணு. அப்புறம் ஓடு பதிக்கிறாயோ, பலகை மாட்டுகிறாயோ, உன் இஷ்டம்.

இதிலே வீட்டுக்காரருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று: பத்து நாள். பத்து நாளும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி. கூலி கொடுத்த பிறகு கண்ணுக்குத் தெரிவது ஒரு சாம்பல் நிறச் சுவர். விருந்தாளியிடம் காட்ட ஒன்றுமில்லை. நடுத்தர வகுப்பார் நம்மிடம் இருக்கிற விசித்திரம் இது. தினமும் நாம் சாய்ந்து நிற்கிற சுவரைவிட, வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து குளித்துவிட்டுப் போகிற மைத்துனரின் அபிப்பிராயம் நமக்குப் பெரிதாக இருக்கிறது. கொத்தனாரின் அறிவுக்கு நாட்கூலி. அச்சடித்த சலவைக்கல்லுக்குச் சதுர அடிக் கணக்கு. தரையில் தண்ணீரைக் கட்டிப் பார்க்கலாம் என்று ஒரு கொத்தனார் சொன்னால், "ஒரு நாள் கூலிக்கு வழி பண்ணுகிறான்" என்கிறோம். அவரும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை நாம் கேட்டபடி செய்துவிட்டுப் போகிறார்.

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டின குடவோலைச் சாசனங்கள் அதில் இருக்கின்றன. கருங்கல் சுவர், ஆயிரம் மழைக்காலம் பார்த்தும் எழுத்துக்கள் நிற்கின்றன. அதைச் சுவர் வேலைக்கு உதாரணமாகக் காட்ட நான் வரவில்லை. கருங்கல்லில் யார் குளியலறை கட்ட முடியும்? அதில் எழுதியிருக்கிற விஷயத்தைச் சொல்ல வந்தேன். வாரியத்துக்குப் பெயர் எழுதிக் குடத்தில் போட வேண்டுமானால் கால் வேலி வரி கட்டுகிற நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். முன்னால் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக் கூடாது. அவனை மட்டுமா? அவனுடைய நெருங்கின உறவினர் பெயரையும் எழுதக் கூடாது! ஏரியைப் பார்த்துக்கொண்டவன் ஏரிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் செய்த ஊரில், சுவரை மூடிவிட்டுப் போனவன் சுவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

கணக்குக் கேட்க இன்றைக்கும் வழி இருக்கிறது. 2019-இல் நிறைவேறி 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கும் பொருந்தும், செய்த வேலைக்கும் பொருந்தும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கக் கட்டணமே கிடையாது. வழக்குக்குக் காரணம் உண்டான நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் ஆணையம் காகிதத்தைக் கேட்கும். ஆகையால், பலகைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்களும், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ரசீதின் மேல் கடைக்காரரை மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள். சுவரின் ஈரத்தை அவர் பார்த்தாரா. குழாய்க் கசிவைச் சோதித்தாரா. காரண்டி பலகைக்கா, ஈரம் புகாமைக்கா. கூடவே, ஸ்விட்சுப் பெட்டி அந்தச் சுவரில் இருந்தால் இடம் மாற்றச் சொல்லுங்கள். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை நிறுத்துகிற கருவி ஒன்றை மெயினில் போடச் சொல்லுங்கள். பலகையின் விலையோடு பார்த்தால் அது சொற்பம்.

ஆசிரியை அம்மாளுக்குச் சுவரைக் கொத்தி, குழாய் மாற்றி, வாட்டம் எடுத்துப் பூச, பலகைக்குக் கொடுத்ததைப் போல் இரண்டு பங்கு ஆயிற்று. மேஸ்திரி பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். சுவர் இப்போது சாம்பல் நிறத்தில் இருக்கிறது. ஓடு பதிக்கப் பணம் சேர வேண்டும். கடையில் கொடுத்த ரசீதை அம்மாள் பத்திரமாக வைத்திருந்தார். அதில் "பேனல் – 1 செட்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அதை இணைத்துத்தான் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.